சின்னண்ணனுக்கு, அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்கு முன்

அன்புள்ள சின்னண்ணா,

அம்மாவின் வருஷ நினைவுக் கூட்டத்தில் நீங்களே தேவசெய்தி கொடுக்கப்போவதாக மதினி சொன்னார்கள். தாவீது ராஜா மன்னிப்புக் கேட்டுப் பாடிய 51-ஆம் சங்கீதமாம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். ஊர் பார்க்கிற இடத்திலா எழுதுவாய் என்று கோபம் வரும். மன்னியுங்கள். போனில் கேட்டால் "கர்த்தர் பாத்துக்குவார்" என்று வைத்துவிடுகிறீர்களே, நான் என்ன செய்ய? அக்காவின் நகை எதற்காக அடகுக்குப் போனது என்பதை மட்டும் எழுதமாட்டேன். உங்கள் பிள்ளைகளும் படிப்பார்கள்.

நீங்கள் முதன்முதலாகச் சாட்சி சொன்ன ஞாயிறு. என் பாவங்களையெல்லாம் சமுத்திர ஆழத்தில் போட்டுவிட்டார் என்று மைக்கைப் பிடித்து அழுதீர்கள். சபையே அழுதது, நானும்தான். பெண்கள் பக்கம் கடைசியில் அக்கா. கம்மல் ஏலத்தில் போனபின், காதுத் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். "என்னட்டி, நகை போடாத பெந்தெகொஸ்தேல சேந்துட்டியா?" என்று ஒரு சித்தி கேட்டதற்கு, "நகை ஆசை விட்டுப்போச்சு சித்தி" என்று சிரித்தாள். உங்கள் மானத்தை அப்படிக் காத்தாள் அண்ணா.

உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் போரில் சாகக்கொடுத்த பாவத்தை, தீர்க்கதரிசி நாத்தான் முன்னால் தாவீது ஒப்புக்கொண்ட அன்றே மன்னிப்பு கிடைத்தது. ஆனாலும் அவளிடம் பிறந்த பிள்ளை ஏழாம் நாள் செத்தது. தாவீதின் மகள் தாமாரை அவன் மகன் அம்னோனே கெடுத்தான். அம்னோனை இன்னொரு மகன் அப்சலோம் கொல்லச் செய்தான். அந்த அப்சலோமும் தகப்பன்மேலேயே படையெடுத்து, கர்வாலி மரத்தில் மாட்டிச் செத்தான். இவ்வளவுக்கும் பிறகு, 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து' என்று அந்தச் சங்கீதத்தில் வரும் வரியைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உரியா எங்கே போனான்? சரி, தாவீதுக்காவது ஒரு சாக்கு உண்டு, உரியா செத்துப்போயிருந்தான். அக்கா உயிரோடு இருக்கிறாள், உங்களுக்கு இரண்டு தெரு தள்ளி.

பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது எண்ணாகமம். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான் ஆயக்காரன் சகேயு. நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை.

டைபாய்டில் கிடந்த என்னைச் சைக்கிளில் வைத்துப் பாளையங்கோட்டை வரை மிதித்தவர் நீங்கள். அந்த அண்ணன்மேல் எனக்கு இன்னும் உயிர். செய்தி கொடுக்கிறவரைத்தான் பிடிக்கவில்லை.

கூட்டத்துக்கு முன்னால் ஒருதரம் அக்கா வீட்டுப் படியேறுங்கள். பணம் அப்புறம் இருக்கட்டும், முதலில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். போகாவிட்டாலும் நான் வருவேன், பந்தியில் பரிமாறுவேன். நீங்கள் செய்தி கொடுக்க எழும்பும்போது மட்டும் பந்தலைவிட்டுப் போய்விடுவேன். தேடி ஆள் அனுப்பாதீர்கள்.

உங்கள் தங்கை