பிள்ளைகளின் உறக்கமும் பழ ஈயின் கடிகாரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் சூரியனைக் கொண்டே அழைத்து வருபவர்கள் நாங்கள். ஆயினும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கான தனியார் வகுப்புகள் சூரியன் உதிக்கு முன்பே, அதிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பமாவதும், இரவு ஒன்பது மணி கடந்தும் நீள்வதும் இங்கு வழமையாகிவிட்டது. சென்ற மாதம் பெற்றோர் கூட்டமொன்றில் தாயொருவர் தம் மகனை என் முன் நிறுத்தி, “இவன் சரியான சோம்பேறி சேர், எவ்வளவு எழுப்பினாலும் விடிய எழும்பமாட்டான்” என்று கண்கலங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உயிரியல் கற்பிப்பவன் என்ற வகையில், அந்தப் பிள்ளையின் சார்பில் சிலவற்றை எழுத விரும்புகின்றேன்.

ஒருவருக்கு எப்போது உறக்கம் வரும், எப்போது விழிப்பு வரும் என்பதை மனவுறுதி மட்டும் தீர்மானிப்பதில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் பரம்பரையலகுகளுக்கும் அதிற் பங்குண்டு. இதனைத் தெளிவாகக் காட்டித் தந்தது, பழுத்த வாழைக்குலையைச் சுற்றிப் பறக்கும் பழ ஈயே. 1971ஆம் ஆண்டு, கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தில் ரொனால்ட் கொனொப்கா, சீமோர் பென்சர் ஆகியோர் நாளொழுங்கு மாறிய மூன்று வகை ஈக்களைக் கண்டறிந்தனர். ஒன்றின் நாள் 19 மணித்தியாலம், மற்றொன்றின் நாள் 28 மணித்தியாலம், மூன்றாவதற்கோ ஒழுங்கே இல்லை. இவற்றுக்குக் காரணமான மூன்று விகாரங்களும், அதாவது பரம்பரையலகில் நேர்ந்த மாற்றங்களும், எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒரே இடத்தில், பின்னர் ‘பீரியட்’ எனப் பெயர்பெற்ற ஒரே பரம்பரையலகில் அமைந்திருந்தன.

அந்தப் பரம்பரையலகு இயங்கும் முறையை விளக்கிய ஜெஃப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. பீரியட் உண்டாக்கும் புரதம் கலத்தினுள் இரவில் மெல்லச் சேர்ந்து, ‘ரைம்லெஸ்’ என்னும் துணைப் புரதத்துடன் கலத்தின் கருவினுட் புகுந்து, தன்னை உண்டாக்கிய பரம்பரையலகையே அடக்கிவிடுகின்றது; பின்னர் அப்புரதம் சிதைந்து குறைய, அடக்கம் நீங்கி, அடுத்த சுற்றுத் தொடங்குகின்றது. இச்சுற்றே உடலின் கடிகாரம்; காலை வெளிச்சம் ரைம்லெஸ்ஸை அழித்து இக்கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்கின்றது. புரதம் சேரும் வேகத்தைத் தாமதிக்கும் ‘டபிள்ரைம்’ என்னும் நொதியத்தை யங்கின் ஆய்வுகூடம் 1998இல் கண்டறிந்தது. மூன்று ஆண்டுகளின் பின், இரவு ஏழரை மணியளவிலேயே உறங்கி விடியற்காலை நான்கரை மணியளவில் விழித்துவிடும் ஓர் அமெரிக்கக் குடும்பத்தை ஆராய்ந்தபோது, அதே வகை நொதியம் பற்றும் இடத்தில், மனிதரின் பீரியட் பரம்பரையலகொன்றில் விகாரம் இருந்தமை தெரியவந்தது. ஈயின் கடிகாரமும் நம்முடைய கடிகாரமும் அவ்வளவு நெருங்கிய உறவினர்.

ஈ கூட்டிலிருந்து வெளிவரும் வேளையையும் இக்கடிகாரமே ஒழுங்குபடுத்துகின்றது; என் மாணவர்கள் இதைக் கண்ணாற் கண்டார்கள். ஜாம் போத்தலொன்றில் கனிந்த கதலிப்பழத் துண்டுகளை இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டிவைத்தோம். ஒன்பது பத்து நாட்களில் கண்ணாடிச் சுவரில் தவிட்டு நிறக் கூட்டுப்புழுக்கள் ஒட்டிக்கிடந்தன. சிவப்புத் தாள் சுற்றிய ரோச் லைட்டுடன் முறைவைத்துக் காவலிருந்த பிள்ளைகள் வெற்றுக்கூடுகளை எண்ணிக் குறித்தார்கள். நள்ளிரவில் ஏறக்குறைய அசைவே இல்லை, விடியலையொட்டியே வெளிறிய உடலும் கசங்கிய சிறகுமாக ஈக்கள் வரிசையாக வெளிவந்தன. ஈரப்பதம் மிகுந்த அவ்வேளையில் புதிய உடல் உலர்ந்துபோகாது. அந்தக் காலைக்கு முன் பாடநூலைக் கொண்டு நான் எத்தனை முறை சொல்லியும் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததில்லை.

பழ ஈக்களும் உறங்குகின்றன என்பதை 2000ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின. இரவில் உறங்கவிடாது தடுத்தால், அவை மறுநாள் கூடுதலாக உறங்கி ஈடுசெய்கின்றன. கடிகாரம் உறக்கத்தின் நேரத்தைச் சொல்கின்றதேயன்றி, உறக்கக் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. பருவ வயதில் மனிதக் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளப்படுகின்றது. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் கூறும்போது, இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பி, உண்டு, பாடம் எழுதி, நான்கரைக்கு எழும் பிள்ளைக்கு அதில் எவ்வளவு மிஞ்சும்? யானைக் காவலுக்காக இரவு முழுவதும் வயற் பரணில் விழித்திருந்து வரும் தகப்பன் பகலில் உறங்கினால் எவரும் அவரைச் சோம்பேறி என்பதில்லை. பிள்ளைக்கும் அதே நியாயம் உண்டு.

ஆகவே, வகுப்புகளை நடத்துவோர் காலை ஏழு மணிக்கு முன் எதனையும் ஆரம்பிக்காமலும், இரவு எட்டு மணிக்குள் முடித்தும் உதவ வேண்டும். பெற்றோரும் அதனையே கேட்க வேண்டும். நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பை இந்த மாதம் முதல் ஏழரை மணிக்கு மாற்றியுள்ளேன். அந்தத் தாயின் மகன் இப்போது முதல் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்கின்றான்.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.