ரசனை இல்லாத ஊரிலிருந்து ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தமிழின் குற்றப் படங்களைப் பற்றி வந்த சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். 'ஆரண்ய காண்டம்' 2011இல் ஓடாமல் போனதற்குச் சிறு நகரத்து ரசிகர்கள்தான் காரணம், இருட்டான கதையைத் தாங்கும் ரசனை அன்று அவர்களுக்கு இல்லை, பாதியிலேயே எழுந்து போனார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நான் தேனிப் பக்கம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவனாகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவன். கட்டுரையாளர் சொல்லும் அந்த ரசிகர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். யார் எழுந்தார்கள், எந்த இடத்தில் எழுந்தார்கள், வாசலில் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதும் தெரியும். சென்னையில் பத்திரிகையாளர் காட்சிக்குப் போய், இடைவேளையில் சமோசாவும் காபியும் சாப்பிட்டு, தெரிந்தவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு வருகிறவருக்கு எங்கள் ஊர் இரண்டாம் ஆட்டத்தில் யார் எழுந்தார் என்பது எப்படித் தெரிந்தது? ஞானதிருஷ்டி என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இருட்டைத் தாங்காதவர்கள் என்கிறாரே, 'பருத்திவீரன்' என்ன விளக்கு வைத்த கோயிலா? 2007 பிப்ரவரியில் வந்த படம். கடைசிக் காட்சியில் அந்தப் பெண்ணுக்கு நடப்பதையும், அவள் கேட்டுக்கொண்டபடி கதாநாயகன் அவள் உடம்பை என்ன செய்கிறான் என்பதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைவிட இருட்டாக எதைக் காட்ட முடியும்? எங்கள் ஊரில் அந்தப் படத்துக்குப் பெண்கள் பக்கம் நிற்க இடமில்லாமல் வந்தார்கள்.

முதல் வாரம் ஆட்டம் விட்டதும் வெளியே வந்த கூட்டத்தில் சத்தமே இருக்காது. சைக்கிள் ஸ்டாண்டில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள்கூடக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டது. "அந்தப் புள்ளைய அப்படிப் பண்ணவிட்டுட்டு நீ இங்க டிக்கெட் கிழிக்கிறியாக்கும்" என்று கேட்டது. என்ன பதில் சொல்ல? அப்போது நான் மேனேஜர், டிக்கெட் கிழிக்கவில்லை என்றா?

அடுத்த வாரம் அதே பாட்டி மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. கிளைமாக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் மட்டுமில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பார்க்க வந்தவர்கள் பலரும் அந்த இடம் வருவதற்குள் கிளம்புவார்கள். அதைத் தெரிந்துகொண்டு ஸ்டாண்டுக்காரர் முன்கூட்டியே கேட்டைத் திறந்து வைத்திருப்பார். சந்தோஷமான பகுதியைத் திரும்பப் பார்க்க வேண்டும், அந்தப் பெண்ணின் சாவைத் திரும்பப் பார்க்க வேண்டாம். இதுவும் பாதியில் எழுந்து போவதுதான். ரசனை இல்லாமல் போனார்களா, இருந்ததால் போனார்களா என்பதைக் கட்டுரையாளரே சொல்லட்டும்.

அடுத்த வருடம் 'சுப்ரமணியபுரம்'. கூட இருந்தவனே நண்பனைக் காட்டிக்கொடுக்கிற படம். பாட்டுக்காக வந்த வயதுப் பிள்ளைகள் முடிவைப் பார்த்து உறைந்து போனார்கள். கழுத்தறுக்கும் இடத்தில் சில பையன்கள் சிரித்ததும் உண்மை. அதையும் ஒரு முறை உங்கள் பத்திரிகையில் கொடூரம் என்று எழுதினீர்கள். விளக்குப் போட்டதும் அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்தவன் நான். பயத்தை மறைக்கச் சிரிக்கிறவனுக்கும் ரசித்துச் சிரிக்கிறவனுக்கும் வாசலில் நிற்பவனுக்கு வித்தியாசம் தெரியும்.

சரி, 'ஆரண்ய காண்டம்' ஏன் ஓடவில்லை? படம் எடுத்தவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அருமையான படம். வடசென்னையில் ஒரே நாளில் நடக்கிற கதை. அந்தக் குடிகார அப்பனும் அவன் மகனும் வரும் இடங்களில் எங்கள் தியேட்டரில் முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட நின்றது. சேவல் சண்டைக்குப் பெஞ்சுக்காரர்கள் பந்தயமே கட்டினார்கள். ஆனால் அந்தப் படம் எப்படி வந்தது என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம். தணிக்கைக் குழு 52 இடங்களில் வெட்டச் சொல்லி, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், தாமதமாகி 2011 ஜூன் 10ஆம் தேதி வெளியானது. படத்தில் பாட்டுக் கிடையாது. பாட்டு இல்லையென்றால் அந்தக் காலத்தில் டிவியில் படம் இருப்பதே தெரியாது. எங்கள் ஊரில் பெண்கள் ஒரு படத்தை அடையாளம் கண்டதே பாட்டை வைத்துத்தான். போஸ்டரில் தெரிந்த ஒரே விஷயம், வயது வந்தவர்களுக்கு மட்டும் என்கிற 'ஏ' சான்றிதழ்.

'ஏ' என்றால் எங்கள் மாதிரி ஊர்களில் என்ன படம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. பல வருடங்களாகப் பகல் காட்சிக்கு என்னென்ன ஓட்டினார்கள், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு யார் யார் வந்தார்கள் என்பதும் தெரியாததல்ல. கத்திக்குத்துக்குக் கொடுத்த 'ஏ'வும் அந்த 'ஏ'வும் போஸ்டரில் ஒரே எழுத்துதான். குடும்பத்தோடு வருகிறவன் அந்தப் பக்கம் தலை வைப்பானா? இன்னொரு பக்கம், வேறு எதையோ எதிர்பார்த்து வந்த சில பெரியவர்கள் இடைவேளையிலேயே ஏமாந்து போனார்கள். பாதியில் எழுந்தவர்கள் இவர்கள். இவர்களை வைத்து ஒரு ஊரின் ரசனைக்கே மார்க் போட்டுவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை போட்ட படத்தை அடுத்த வியாழனோடு எடுத்துவிட்டோம். கூட்டம் சேர்வதற்குள் அடுத்த படம் வந்து நின்றது. படத்துக்கு இரண்டு தேசிய விருது கிடைத்தது அடுத்த வருடம். அப்போதுதான் நீங்கள் எல்லோரும் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தீர்கள். படம் ஓடிய வாரத்தில் உங்கள் இதழில் அரைப் பக்கம் வந்ததா என்று பழைய கட்டைப் பிரித்துப் பாருங்கள். என்னிடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

இதே விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 2011இல் வந்த அரசு, எல்லோரும் பார்க்கலாம் என்கிற 'யு' சான்றிதழ் வாங்கினால்தான் கேளிக்கை வரி விலக்கு என்று ஆணை போட்டது. ஜி.எஸ்.டி. வரும்வரை அதுதான் நடந்தது. அடியும் குத்துமாக எடுத்துவிட்டு, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் நறுக்கி, எப்படியாவது 'யு' வாங்குவதுதான் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய வேலை. 'யு' என்று நம்பிக் கைக்குழந்தையோடு வந்தவர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கேன்டீன் பக்கம் நின்றார்கள். அந்த வருடங்களில் வாசலில் நாங்கள் வாங்கிய வசவைப் பற்றி ஒரு சிறப்பிதழ் போட்டிருக்கலாம். அப்போது நான் எழுதிய கடிதத்தை மூன்று வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். அதில் என் ஊர் பெயரும் தப்பு.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறீர்கள். பெரிய நடிகர் படங்களில் இடைவேளைக்குள் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணக்கூட முடியவில்லை. அதற்கு விசில் அடித்தால் 'சமூகம் எங்கே போகிறது' என்று அட்டைப்படக் கட்டுரை. ரத்தம் வேண்டாம் என்று எழுந்து போனால் ரசனை இல்லாத கூட்டம். அழுதால் மலிவான உணர்ச்சி, சிரித்தால் கொடூரம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று அடுத்த இதழில் படம் போட்டுக் காட்டிவிடுங்கள், எங்கள் ஊரில் நோட்டீஸ் அடித்து ஒட்டிவிடுகிறோம்.

எழுந்து போகிறவர்களில் இன்னொரு வகை உண்டு, கட்டுரையாளருக்கு இவர்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் தியேட்டருக்கு வாராவாரம் வருகிற ஒருவர் இருந்தார். தம்பியைத் தெருவில் வெட்டுக்குக் கொடுத்தவர். எந்தப் படத்திலும் அரிவாளை ஓங்குகிற இடம் வந்தால் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிடுவார். தண்ணீர்க் குழாயடியில் நின்று, உள்ளே சத்தம் அடங்கியதும் திரும்பிப் போய் அதே சீட்டில் உட்காருவார். ஒரு படத்தையும் அவர் முழுசாக விட்டதில்லை. அவர் நாற்காலி காலியாகக் கிடந்த நேரத்தில் உங்கள் ஆள் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் அவரையும் ரசனை இல்லாதவர் கணக்கில் சேர்த்திருப்பார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் விமர்சனப் பகுதியில் மார்க் போடுகிற அந்தக் கட்டத்தில் சான்றிதழையும் போடுங்கள். 2024 நவம்பரிலிருந்து யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். இது எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. யு/ஏ என்றால் பிள்ளையை அழைத்து வருவதா வேண்டாமா என்பது பெற்றவர்கள் முடிவு, வாசலில் நிற்பவன் தடுக்க முடியாது. 'ஏ' என்றால் தடுத்தே ஆக வேண்டும், தடுத்தால் அடி, தடுக்காவிட்டால் தியேட்டர் மேல் வழக்கு. 'ஏ' எதற்காக, வெட்டுக்குத்துக்கா வேறு எதற்காகவா என்று அரை வரி சேர்த்தால் இன்னும் நல்லது. ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற விஷயம். வாசலில் நிற்கிற பையன் ஒருவனாவது அடி வாங்காமல் தப்பிப்பான்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய மனிதர், வேலை இருக்கும். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால் முழுசாக வெளியிடுங்கள். இடம் போதாது என்றால் போடவே வேண்டாம். மூன்று வரியாக வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற தியேட்டர் மேனேஜர்,
தேனி மாவட்டம்.