ஒரே ஓட்டில் போன ஆட்சி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. ஓங்கோலில் மகன் வீட்டில் செட்டிலாகிவிட்டாய், பேத்தி உனக்குத் தெலுங்கு சொல்லித்தருகிறாள் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சரோஜாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளாவேளைக்கு நான் போட்டுவிட வேண்டியிருக்கிறது.

“கலெக்டர் ஆபீஸுக்குப் பிரகாசம் பவன் என்று பேர், மாவட்டத்துக்கும் அவர் பேர்தான், யாரப்பா அவர்?” என்று கேட்டிருந்தாய். அந்த மனிதரைப் பற்றி எனக்கு நிறைய ஆதங்கம் உண்டு, சுந்தரம். ஆந்திரப் பகுதியும் சேர்ந்திருந்த நம் பழைய மெட்ராஸ் மாகாணத்துக்கே முதல்வராக இருந்தவர் டங்குடூரி பிரகாசம். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கு இங்கே யாருக்கும் தெரிவதில்லை.

பிறந்தது நீ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில், வினோதராயுனிபாலெம் கிராமத்தில், 1872இல். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா ஓங்கோலில் சாப்பாட்டு விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளை லண்டன் போய் பாரிஸ்டராகி, மெட்ராஸ் ஹைகோர்ட்டில் கை நிறையச் சம்பாதித்தார். காந்தி அழைத்ததும் வக்கீல் தொழிலை விட்டார். 1921இல் ‘ஸ்வராஜ்யா’ பத்திரிகை ஆரம்பித்து, சம்பாதித்ததை எல்லாம் அதில் கொட்டினார். 1928இல் சைமன் கமிஷனை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது ஹைகோர்ட் பக்கம் துப்பாக்கிச் சூடு. செத்தவரைப் பார்க்கப் போன பிரகாசத்தைப் போலீஸ் மறித்துத் துப்பாக்கியை நீட்டியது. சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி நின்றார். ‘ஆந்திர கேசரி’, ஆந்திரச் சிங்கம் என்று ஜனங்கள் கொண்டாடினார்கள்.

அப்படிப்பட்டவர் இரண்டு தடவை ஆட்சியில் உட்கார்ந்தும் ஒரு தடவைகூட நிலைக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் அவரை ஏற்றிவிட்டது அவருடைய சொந்த பலம் இல்லை, மற்றவர்களுடைய சண்டை.

1946 தேர்தலில் காங்கிரஸ் அமோகமாக ஜெயித்தது. ராஜாஜி வர வேண்டும் என்பது காந்தியின் விருப்பம். ஆனால் 1942இல் கட்சியை விட்டு விலகியவரை எப்படி ஏற்பது என்று இங்கே காமராஜர் பக்கம் கடும் எதிர்ப்பு. ராஜாஜி பெயர் எடுபடவில்லை. காமராஜர் கோஷ்டி முத்துரங்க முதலியாரை நிறுத்தியது. ராஜாஜி ஆட்கள் யாருக்கும் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆந்திர உறுப்பினர்கள் பிரகாசத்தின் பின்னால் நின்றார்கள். 82க்கு 69 என்று பிரகாசம் ஜெயித்துவிட்டார். தமிழ்த் தரப்பு இரண்டாகப் பிளந்த சந்தில் கிடைத்த நாற்காலி அது.

நல்ல காரியங்களும் நடந்தன. ருக்மிணி லட்சுமிபதியைச் சுகாதார அமைச்சராக்கினார். இந்த மாகாணத்தில் அமைச்சரான முதல் பெண் அவர்தான். கிராமக் கைத்தொழில் பிழைக்க வேண்டும் என்பதற்காகப் புதிய துணி ஆலைகள் வேண்டாம், கதர் போதும் என்று முடிவெடுத்தார். ஆலை முதலாளிகளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1947 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம் போட்டு, கம்யூனிஸ்டுகளை விசாரணையில்லாமல் உள்ளே தள்ளினார். விசாரணையில்லாத சிறைக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது, அவர் செய்தாலும் தப்புதான். கட்சிக்குள்ளும் யாரையும் அனுசரித்துப் போகமாட்டார், தானே முடிவெடுப்பார். ராஜாஜி ஆட்களும் காமராஜர் ஆட்களும் வேறு எதில் சேர்ந்தார்களோ இல்லையோ, இவரை இறக்குவதில் சேர்ந்துவிட்டார்கள். ஆந்திரர்களிலும் பட்டாபி சீதாராமய்யா கோஷ்டி இவருக்கு எதிர்தான். ஒரு வருஷம்கூட ஓடவில்லை, மார்ச்சில் ஓமந்தூரார் முதல்வர். அவரையும் 1949இல் கட்சிக்காரர்களே இறக்கினார்கள் என்பது தனிக் கதை.

பிரகாசம் காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். 1952இல் 375 இடத்தில் காங்கிரஸுக்கு 152தான். எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி, கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து, இவரைத் தலைவராக்கின. ஐந்து வருஷத்துக்கு முன் தங்களைச் சிறையில் போட்டவரைத்தான் அவர்கள் தலைவர் என்றார்கள்! பெரும்பான்மை எங்களுக்குத்தான் என்று சொல்லியும், கவர்னர் ஸ்ரீபிரகாசா கூப்பிட்டது ராஜாஜியை. தேர்தலிலேயே நிற்காத அவரை மேலவைக்கு நியமனம் செய்து முதல்வராக்கினார்கள். அந்த அநியாயத்தை இன்றைக்குப் படித்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

தனி ஆந்திரா கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர் விட்ட பிறகு, 1953 அக்டோபர் 1இல் ஆந்திரா பிரிந்தது. மெட்ராஸ் கிடைக்கவில்லை, கர்னூல் தலைநகர். கட்டடம் போதாமல் கூடாரம் அடித்து அரசாங்க ஆபீஸ்களை நடத்தினார்கள். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாததால், காங்கிரஸே மறுபடி பிரகாசத்தைத் தேடி வந்தது. முதல்வராக உட்கார்ந்தபோது வயது 81. சஞ்சீவ ரெட்டி துணை முதல்வர்.

இந்தத் தடவை வினை மதுவிலக்கில் வந்தது. கள் இறக்கும் மரமேறிகள் பிழைப்புப் போய்த் தவித்தார்கள். அரசாங்கம் போட்ட ராமமூர்த்தி கமிட்டியே மதுவிலக்கை எடுத்துவிடச் சொன்னது. பிரகாசம் மறுத்தார். எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. 1954 நவம்பர் 6, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஆட்சி போய்விட்டது. அவர் பிடிவாதத்தில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் கள்ளுக்கடையைத் திறக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்காலி தங்கியிருக்கும். தெரிந்தும் அவர் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அந்த 13 மாசத்தில் திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது. விஜயவாடாவில் உடைந்துபோன பழைய அணைக்கட்டுக்குப் பதிலாகக் கிருஷ்ணா மேல் புதிய தடுப்பணை வேலை ஆரம்பித்தது. இன்றைக்கு நீங்கள் ரயிலில் தாண்டும்போது பக்கத்தில் தெரியும் பிரகாசம் பேரேஜ் அதுதான். 1957 மே மாசம் ஹைதராபாத்தில் அவர் கண் மூடினார். லட்ச லட்சமாகச் சம்பாதித்த பாரிஸ்டர் கடைசியில் சொத்தில்லாமல்தான் போனார்.

இப்போதைய கூட்டணிக் குழப்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ முதலில் மகனிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை வினோதராயுனிபாலெம் போய்விட்டு வா. அவரைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. பேத்தியைத் துணைக்குக் கூட்டிப்போ, தெலுங்குக்கு ஆயிற்று. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே.

அன்புடன்,
ராமு