அயர்லாந்து மாளிகைகளின் சமையலறையையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்தின் பழைய நிலப்பிரபு மாளிகைகளையும் தோட்டங்களையும் பற்றித் தமிழில் வெளியாகும் பயணக் கட்டுரைகளை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். பவர்ஸ்கோர்ட்டின் இத்தாலியப் பாணித் தோட்டம், காசில்டவுனின் நீண்ட கூடம், மக்ரோஸ் மாளிகையின் ஏரிக்கரை ஆகியவற்றின் அழகை அவை குறைவின்றிச் சொல்கின்றன. அந்த அழகு யாருடைய குத்தகைப் பணத்தில் எழுந்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

ரோஸ்காமன் மாவட்டத்திலுள்ள ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகைக்கு வருபவர்கள் வரவேற்பறையைவிடச் சமையலறையில் அதிக நேரம் நிற்க வேண்டும் என்பேன். அதன் மேல்புறத்தில் ஒரு மாடம் இருக்கிறது. வீட்டு எஜமானி கீழே இறங்காமலேயே அங்கிருந்து வேலையைக் கண்காணித்து, அந்த வாரத்து உணவுப் பட்டியலைச் சமையல்காரரிடம் கீழே போடுவது வழக்கமாம். பணியாளர்களின் நடமாட்டம் குடும்பத்தாரின் கண்ணில் படாதிருக்கச் சுரங்கப்பாதையும் அமைத்திருந்தார்கள்.

இந்த மாளிகைக்கும் அதைச் சேர்ந்த பண்ணை நிலங்களுக்கும் உரிமையாளரான மேஜர் டெனிஸ் மஹோன், உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847இல், ஏறத்தாழ 1,490 குத்தகை மக்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். டப்ளின் வரை நடந்தே சென்ற அவர்களில் பலர் கடற்பயணத்திலும் கரையிறங்கிய இடத்திலும் மாண்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் மஹோனும் சுட்டுக் கொல்லப்பட்டார். வேலையும் உணவும் வேண்டி அப்பண்ணையின் குளோனஹீ பகுதிக் குத்தகையாளர்கள் 1846இல் எழுதிய மனு உட்பட அக்காலத்துப் பண்ணை ஆவணங்கள் அந்த வீட்டிலேயே கிடைத்ததால்தான், தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் 1994இல் அங்கேயே அமைந்தது. அந்த மக்கள் நடந்த வழியை ஒட்டி டப்ளின் வரை 165 கிலோமீட்டர் நடைபாதையும் இப்போது உண்டு.

காசில்டவுனுக்கும் இப்படி ஒரு மறுபக்கம் இருக்கிறது. அந்த மாளிகையின் பின்புறக் காட்சிக்கு எல்லையாக, சுமார் 140 அடி உயரத்தில் நிற்கும் கல் வளைவுக் கட்டுமானம், 1740இல் கடும் உறைபனியால் வந்த பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று மாளிகையின் எஜமானி கேத்தரின் கொனோலி எழுப்பியது. வெஸ்ட்போர்ட் நகரின் மரங்கள் சூழ்ந்த ஆற்றோரச் சாலையை ரசிப்பவர்களும், பழைய கிராமம் வெஸ்ட்போர்ட் மாளிகையின் தோட்டத்துக்காக அகற்றப்பட்ட பிறகு 18ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டுக் கட்டப்பட்டதே இந்த ஊர் என்பதை அறிந்திருப்பது நல்லது.

இதனால் அந்த வீடுகளை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1919 முதல் 1923 வரையிலான விடுதலைப் போர், உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய 300 மாளிகைகள் எரிக்கப்பட்டன என்பதை நினைத்தால், எஞ்சியவற்றின் அருமை புரியும். காசில்டவுனே 1967இல் பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபட்ட டெஸ்மண்ட் கின்னஸ் விலைக்கு வாங்கியிராவிட்டால் பாழடைந்து போயிருக்கும். பிர் கோட்டையில் மூன்றாம் ராஸ் பிரபு 1845இல் நிறுவிய 72 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கிதான், அன்று நெபுலா (வானில் மங்கலாகத் தெரியும் ஒளிப்படலம்) எனப்பட்ட தொலைதூர விண்பொருள் ஒன்றின் சுருள் வடிவத்தை முதன்முதலில் காட்டியது. இவையெல்லாம் நிலைத்து நிற்க வேண்டும், தம்முடைய முழுக் கதையோடு நிற்க வேண்டும்.

பயணப் பகுதியில் எழுதுபவர்கள் வாசகர்களுக்கு இன்னொரு தகவலையும் தரலாம். தனியார் வசமுள்ள பல மாளிகைகள், பழுதுபார்க்கும் செலவுக்கு வரிச்சலுகை பெறுவதற்காக ஆண்டுக்குக் குறைந்தது 60 நாட்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அவற்றில் 40 நாட்களாவது மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் வர வேண்டும். எனவே திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புவது அவசியம். சில இடங்களில் உரிமையாளரே சுற்றிக்காட்டுவார். குத்தகைக் கணக்கேடுகள் வீட்டில் இருக்கின்றனவா என்று அவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இப்படிக்கு,
டப்ளினில் வசிக்கும் வாசகர்