இறுகிப்போன கிளட்ச் குறித்து

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. 12 ஆண்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காரின் எஞ்சின் மறுபடி ஓடுகிறது என்று படித்ததும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எஞ்சின் ஓடும்போது கியர் விழ மறுத்து உறுமுகிறது என்றும், கிளட்ச் பெடல் மட்டும் வழக்கம்போல இறங்கி ஏறுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பெடல் இறங்குவதோடு அடியில் உள்ள கவையும் (கிளட்சை விடுவிக்கத் தள்ளும் நெம்புகோல்) முழுதாக நகர்கிறதா என்று ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். நகர்ந்தால், கிளட்ச் தட்டுதான் பிளைவீலோடு, அதாவது எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்தோடு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டின் மேலுள்ள உராய்வுப் பூச்சான லைனிங் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள, அதை அழுத்திக்கொண்டிருக்கும் வார்ப்பிரும்பு துருப்பிடிக்க, அந்தத் துருவே பசையாகிவிடுகிறது.

கியர் பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள். எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பெடலை முழுவதும் அழுத்தி, அதற்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து அப்படியே விடுங்கள். நாளுக்கு ஒரு முறை டாப் கியரில் போட்டு, இருவராக வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். என் வண்டியில் ஆறாம் நாள் காலை, அடியிலிருந்து தகரம் விடுபடுவது போல 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் சக்கரங்கள் தடையின்றி உருண்டன. கியரில் போட்டபடியே ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்து உலுக்கி விடுவிக்கும் வழியும் உண்டு. ஆனால் வண்டி திடீரெனப் பாயும் என்பதால், சுவரும் ஆளும் உள்ள இடத்தில் அதை நான் செய்ய மாட்டேன். நீங்களும் செய்ய வேண்டாம். துரு நீக்கும் எண்ணெயை உள்ளே பீய்ச்சுவதும் கூடாது. லைனிங் எண்ணெய் குடித்தால் தட்டு விடுபட்டாலும் வழுக்கும்.

எனக்கு உண்மையான போராட்டம், பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கிக் கவையைத் தள்ளும் கிளட்ச் சிலிண்டரில்தான் வந்தது. கிளட்ச் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது; பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டதால் சிலிண்டரின் உட்சுவர் துருவேறி, பிஸ்டன் இம்மியும் அசையவில்லை. சுத்தியலால் தட்டினேன், சூடு காட்டினேன், பயனில்லை. காற்றழுத்தம் செலுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். பிடி விட்ட கணத்தில் பிஸ்டன் குண்டுபோலப் பாயும் என்பதால் மறுத்துவிட்டேன். பிறகு ஆயில் குழாய் வந்து சேரும் துளையின் மரைக்குப் பொருந்தும் ஒரு நிப்பிளை (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) முடுக்கி, காற்று நீக்கும் திருகை மூடிவிட்டு, கிரீஸ் கன்னால் ஒவ்வொரு அடியாக அழுத்தினேன். கிரீஸ் காற்றைப்போல அமுங்கிச் சீறாது. அதனால் பிஸ்டன் பாயாமல், பற்பசை வெளிவருவது போல மெல்ல வெளியே வந்தது. அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருக்க வேண்டும்! பின்னர் கிரீஸை ஒரு துளியும் விடாமல் ஸ்பிரிட்டால் கழுவினேன், ஏனெனில் அது புதிய ரப்பர் வாஷரை உப்பவைத்துவிடும். சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால், தேய்த்துச் சரிசெய்ய முயலாமல், உள்ளே புதுக் குழல் போடுவதோ புதிய சிலிண்டர் வாங்குவதோ நல்லது.

கட்டை உதவவில்லை என்றால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்போது அதன் எடை, கிளட்ச் தட்டுக்குள் நுழையும் ஷாஃப்டில் தொங்காதபடி ஜாக்கியால் தாங்கிப் பிடியுங்கள். ஒருமுறை நான் அதை ஒரு கணம் தொங்கவிட்டுத் தட்டின் நடுப்பகுதியை வளைத்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. தட்டை அழுத்திப் பிடிக்கும் கிளட்ச் மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஷாஃப்டின் பற்களில் துருவைச் சுரண்டியபின், கைக்குத் தெரியாத அளவுக்கு மட்டுமே கிரீஸ் தடவினால் போதும்.

என் சிலிண்டருக்கான ரப்பர் வாஷர்கள் வந்துவிட்டன. இந்த வாரம் பூட்டிவிடுவேன். நீங்கள் கட்டையை முட்டுக்கொடுத்த நாளைக் குறித்துவைத்து, எத்தனையாவது நாளில் விடுபட்டது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்