அப்பா கேட்ட கேள்விக்கு, ஆர்லாண்டோ பக்கத்திலிருந்து

கிளெர்மான்ட், புளோரிடா
5 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். புரட்டாசி பாதி கடந்தும் வெயில் குறையவில்லை. மாலையானால் இடியும் மழையும். நிலா பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் அண்ணன் கவின் இப்போது ரயில் அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்கிறான், தென்காசி வழியாகப் போகும் வண்டிகள் உட்பட.

தொலைபேசியில் நீங்கள் கேட்டீர்கள்: "டிஸ்னி பூங்காவில் கவினைக் காட்டி வரிசையில் நிற்காமல் உள்ளே போகிறீர்களாமே, அது நியாயமாம்மா?" திருச்செந்தூரில் எத்தனை கூட்டம் என்றாலும் கட்டண வரிசைப் பக்கம் திரும்பாமல், பொது தரிசனத்தில் நின்றே சாமி பார்த்தவர் நீங்கள். அந்தக் கையைப் பிடித்து நின்று வளர்ந்தவள் நான். அதனால் கேள்வி என்னை வருத்தவில்லை. ஆனால் நிலா ஒரு பக்கம் இழுக்க, குக்கர் ஒரு பக்கம் கூவ, நின்றுகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. கவினின் ஆட்டிசத்தை வைத்துப் பார்த்தால் நியாயம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே வரிசை எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் பீட்டர் பேன் சவாரி என்று ஒன்று உண்டு. ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய மூன்று நிமிடம். கூட்ட நாளில் அந்த மூன்று நிமிடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். கம்பியும் கயிறும் கட்டி, குறைந்த இடத்தில் நிறைய பேர் அடங்கும்படி வளைத்து வளைத்து விட்டிருப்பார்கள். நமக்கு அது கால்வலி, அவ்வளவுதான். கவினுக்கு அங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து மோதுகிறது: ஓயாமல் ஒலிக்கும் பாட்டு, முன்னால் நிற்பவரின் முதுகுப்பை முகத்தில் உரசுவது, பின்னால் ஒரு குழந்தையின் அழுகை, வெயில் களிம்பின் வாடை. அவற்றை நாம் கவனிக்காமல் ஒதுக்கிவிடுகிறோம். அவனால் ஒதுக்க முடியாது. எல்லாவற்றையும்விட அவனை வதைப்பது, எப்போது முடியும் என்று தெரியாததுதான். வரிசை நகர்ந்தால் வந்துவிட்டோம் என்று நினைப்பான். வளைவு திரும்பியதும் இன்னொரு வரிசை தெரியும். முதலில் காதைப் பொத்துவான். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொள்வான். அதன் பிறகு கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓட்டம்தான்.

அது அடம் இல்லை அப்பா. அடம் பிடிக்கிற பிள்ளை, கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். அந்த நேரத்தில் அவனுக்கு எதுவும் வேண்டியதில்லை, சவாரிகூட வேண்டாம். அந்த இடத்திலிருந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேளுங்கள். வரிசையை முந்திப் போவதில்லை. டிஏஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் ஏற்பாடு அது. ஊனமுள்ளவர்களுக்காக டிஸ்னி வைத்திருப்பது. சவாரிக்கு முன்னால் பலகையில் எழுபது நிமிடம் என்று போட்டிருந்தால், எங்களுக்கும் ஏறக்குறைய அந்த நேரம் கழித்து வரச் சொல்லிக் கைப்பேசியில் நேரம் கொடுப்பார்கள். அதுவரை நாங்கள் வேறு இடத்தில் காத்திருக்கலாம். குறித்த நேரத்துக்குப் பிறகு போனால் குறுகிய வழியில் அனுப்புவார்கள். ஒரு சவாரிக்கு நேரம் வாங்கியிருக்கும்போது இன்னொன்றுக்கு வாங்க முடியாது. கவின் ஏறாமல் நாங்கள் மட்டும் அவன் பெயரில் ஏறவும் முடியாது. எல்லோருக்கும் எழுபது நிமிடம் என்றால் எங்களுக்கும் எழுபது நிமிடம்தான். அதைக் கம்பிக்குள் கழிக்காமல் மரத்தடியில் கழிக்கிறோம்.

பெரும்பாலும் ரயிலில் கழிக்கிறோம் என்பதுதான் உண்மை. பூங்காவைச் சுற்றி நிஜமான நீராவி ரயில் ஓடுகிறது. உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்: நான்கு என்ஜின்கள், எல்லாம் பிலடெல்பியாவின் பால்ட்வின் தொழிற்சாலையில் 1916 முதல் 1928 வரை செய்தவை. மெக்சிகோவின் யூகடான் பகுதியில் ஓடித் தேய்ந்த வண்டிகளை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். இருப்புப்பாதை மூன்று அடி அகலம். செங்கோட்டைப் பக்கம் நாம் பார்த்த மீட்டர் கேஜைவிடச் சற்றே குறுகல். கவின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காதைப் பொத்துவதில்லை. அவ்வளவு பெரிய விசில் சத்தத்துக்கும் பொத்துவதில்லை! அடுத்த நிலையம் எது, எப்போது வரும் என்று அவனுக்குத் தெரிந்திருப்பதால் என்று நினைக்கிறேன். நீங்கள் வந்தால் உங்களை விடமாட்டான்.

"அவனுக்குச் சரி, நீங்கள் மூவரும் ஏன் கூடப் போகிறீர்கள்?" என்று அடுத்து கேட்பீர்கள். பதில் ரயில்வேயில் நீங்கள் உட்கார்ந்த டிக்கெட் கவுண்டரிலேயே இருக்கிறது. பார்வையற்றவர் துணைக்கு ஒருவரை அழைத்து வந்தால், அந்தத் துணைக்கும் சலுகைக் கட்டணத்தில்தானே டிக்கெட் கொடுத்தீர்கள்? துணையாள் பார்வையுள்ளவர் ஆயிற்றே என்று யாரும் முழுக்கட்டணம் கேட்டதில்லை. அவர் இல்லாமல் இவர் பயணம் இல்லை என்பது ரயில்வேக்குத் தெரிந்திருந்தது. இங்கும் கூட வருபவர்களுக்கு வரம்பு உண்டு. உறவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நுழைந்துவிட முடியாது. ஆனால் ஒரு வீட்டு மனிதர்கள் ஒன்றாகப் போகலாம். நிலாவுக்கும் ஏழு வயதுதான் ஆகிறது அப்பா. அண்ணனோடு ஒரே பெட்டியில் உட்கார்ந்து சிரிக்க அவளுக்கும் ஆசை இருக்காதா?

இது பூங்காக்காரர்கள் பார்த்துப் போடும் பிச்சையும் இல்லை. 1990 ஜூலை 26 அன்று அமெரிக்காவில் ஊனமுற்றோர் சட்டம் கையெழுத்தானது. கடை, ஓட்டல், திரையரங்கு, பூங்கா என்று பொதுமக்கள் வரும் தனியார் இடங்களையும் அது கட்டுப்படுத்துகிறது. அவர்களுடைய தொழிலின் அடிப்படையே மாறிவிடாத அளவுக்கு, நியாயமான மாற்றம் செய்து தர வேண்டும் என்பது விதி. கேசி மார்ட்டின் என்ற கோல்ஃப் ஆட்டக்காரருக்குக் காலில் கடுமையான குறைபாடு. போட்டியில் நடப்பதற்குப் பதிலாக வண்டியில் போக அனுமதி கேட்டார். போட்டி நடத்துபவர்கள் மறுத்தார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கோல்ஃப் என்பது பந்தை அடிப்பது. நடப்பது அதன் உயிர்நாடி அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அப்படியே, கம்பிக்குள் நிற்பது சவாரியின் உயிர்நாடி அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை, அதையும் மறைக்கக் கூடாது. முன்பு வேறோர் அட்டை இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் பல இடங்களில் அநேகமாகக் காத்திருக்காமலே ஏற முடிந்தது. 2013 மே மாதம் நியூயார்க் போஸ்ட் பத்திரிகை ஒரு செய்தி போட்டது: நியூயார்க்கின் பணக்காரக் குடும்பங்கள் சில, மணிக்கு 130 டாலர் கொடுத்து ஊனமுள்ள ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, அவர் தயவில் வரிசை தாண்டிப் போகிறார்கள் என்று. அந்த ஆண்டு அக்டோபரிலேயே பழைய அட்டையை எடுத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தைக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பின்னால் நடந்த வழக்கில் டிஸ்னி ஒரு கணக்கைக் காட்டியது. வந்தவர்களில் 3.3 சதவீதம் பேரிடம்தான் பழைய அட்டை இருந்தது. ஆனால் டாய் ஸ்டோரி சவாரி ஒன்றில் 30 சதவீத இடத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்களாம். அப்படியானால் மற்றவர்களுக்கு அது அநியாயம்தான். அதனால் நேரம் சமமாக இருக்க வேண்டும் என்ற மாற்றத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். வழக்குப் போட்டவர்களும் எங்களைப் போன்ற ஆட்டிசக் குடும்பங்கள்தான். வெளியே உட்கார்ந்தும் காத்திருக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், குறித்த ஒழுங்கில் குறித்த சவாரிகளில் மட்டுமே போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். 2020-இல் ஆர்லாண்டோ நீதிமன்றம் டிஸ்னிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன். கவின் ரயிலில் அமைதியாகிறான். அமைதியாகாத பிள்ளையின் தாய் என்ன செய்வாள்?

என் மனம் ஒப்பாதது 2024-இல் வந்த மாற்றம். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துவோர் மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டார்கள் என்று நிறுவனம் சொன்னது. அந்த மே மாதம் முதல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று வாசலைச் சுருக்கினார்கள். முன்கூட்டியே வீடியோவில் பேச வேண்டும்; தேவைப்பட்டால் மருத்துவத் துறையினர் ஒருவரும் பேச்சில் சேருவார். பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்குள் நிரந்தரத் தடை. பொய்யருக்குத் தடை போடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கிரோன் நோய். குடல் சட்டென்று முறுக்கிக்கொண்டால் உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும். அவரைப் போன்றவர்களுக்கு, வரிசையில் நில்லுங்கள், அவசரம் என்றால் வெளியே போய்த் திரும்பி வந்து உங்கள் ஆட்களோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்ற வழியைத்தான் சொல்கிறார்கள். கணவரோடு வந்தால் அது நடக்கும். சின்னப் பிள்ளையோடு தனியாக வரும் தாய், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு ஓடுவாள்? 2025 தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். என் பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதால் அடுத்தவருக்கு மூடியதைப் பற்றி நான் பேசாமல் இருந்தால், நீங்கள் வளர்த்த வளர்ப்பு இல்லை அது.

இன்னொன்றும் உண்டு. வரிசையைக் குறைக்கும் பாஸ்ட்பாஸ் 1999 முதல் இலவசமாகத்தான் இருந்தது. 2021 அக்டோபரில் அந்த வசதிக்கு விலை வைத்தார்கள். இப்போது காசு கொடுத்தவர்கள் போகும் அதே குறுகிய வழியில்தான் எங்களையும் அனுப்புகிறார்கள். கூட்டத்தில் சிலர் கவினை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்ற பார்வை அது. காசு கொடுத்து முந்துகிறவர்களை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை அப்பா. ஒரு மணி நேரம் வெளியே காத்திருந்துவிட்டு வரும் பிள்ளையைப் பார்க்கிறார்கள். நியாயம் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை அந்த வாசலில் யாரிடம் கேட்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மற்ற இடங்களில் வேறு வேறு முறை. பக்கத்தில் உள்ள யுனிவர்சல் பூங்காவில் வெளி அமைப்பு ஒன்றில் மருத்துவச் சான்றோடு பதிவு செய்துகொண்டு போக வேண்டும். டென்னசியில் டாலிவுட் என்ற பூங்காவில் 2016-இலேயே இப்படிப்பட்ட பிள்ளைகள் அமைதியாக ஒதுங்கி இருக்க ஓர் அறை ஒதுக்கினார்கள். எனக்குப் போய்ப் பார்க்க ஆசை டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருக்கும் மார்கன்ஸ் ஒண்டர்லேண்ட். கார்டன் ஹார்ட்மன் என்பவர் தன் மகள் மார்கனை மனத்தில் வைத்து 2010-இல் திறந்த பூங்கா. சக்கர நாற்காலியோடே ஏறி ஆடும் ஊஞ்சல்கூட உண்டு. ஊனமுள்ளவர்களுக்கு நுழைவு இலவசம். அங்கே பூங்காவைக் கட்டும்போதே இவர்களை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டி முடித்த பிறகு சலுகை தேடவில்லை. அந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அம்மா கவலைப்படுவது எனக்குத் தெரியும்: இப்படியே போனால் அவன் எங்கும் நிற்கப் பழகமாட்டானே என்று. பழக்கிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் முடியக்கூடிய இடத்தில். காய்கறிக் கடையில் முன்னால் இரண்டு பேர் நின்றால் நிற்கிறான். நூலகத்தில் புத்தகம் பதியும் இடத்திலும் நிற்கிறான். 'முதலில் – பிறகு' என்று இரண்டு படம் ஒட்டிய அட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கும். முதலில் வரிசை, பிறகு வீடு. மீதி நேரம் கரைவது கண்ணுக்குத் தெரியும் கடிகாரம் ஒன்றும் வைத்திருக்கிறோம். நீந்தக் கற்கும் பிள்ளையைக் குளத்தில்தான் இறக்க வேண்டும், நடுக்கடலில் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் மார்கழிக் குளிரில் வருவதாக இருந்தால் இங்கே அது நல்ல பருவம். ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி நடுவில் வந்தால் கூட்டம் குறைவு. உங்கள் முழங்காலுக்குப் பூங்காவிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். வாங்கினால் வரிசை குறையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சவாரிகளில் நாற்காலியோடே பொது வரிசையில் போக வேண்டும். உங்களுக்கு அதுதான் பிடிக்கும். அம்மா மாவடுவும் சுண்டைவற்றலும் கட்டித் தந்தால் போதும், வேறு எதுவும் சுமக்க வேண்டாம். கவினுக்கு மட்டும் பழைய ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் உங்கள் பெட்டியில் இருந்தால் ஒன்று எடுத்து வையுங்கள். விசா நேர்காணல் தேதி கிடைத்ததும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
மீனா