கொல்லிமலைக்குப் போகும் முன்

மன்னார்குடி,
தை 20

அன்புள்ள கலியபெருமாளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வயலில் அறுவடை மிஷின் இறங்கியிருந்தது. அதனால்தான் பதில் தாமதம். சம்பா பரவாயில்லை, மார்கழி மழையில் தாழ்வான பங்கு மட்டும் சாய்ந்துவிட்டது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, ஈரப்பதம் பார்க்கிற நாளுக்குக் காத்திருக்கிறோம். அம்மா உன்னை விசாரித்தார்கள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, உன் கார் விஷயம். வீட்டிலேயே இரண்டு தடவை பிரேக்கில் ஏர் எடுத்தும், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றியும், பெடல் மெத்தென்றே இருக்கிறது என்றும், மாசிக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை போக வேண்டும் என்றும் ஒரே பத்தியில் எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேதாரண்யத்திலிருந்து மன்னார்குடி வரை வாய்க்கால் பாலத்தைத் தவிர நமக்கு ஒரு மேடு கிடையாது. அரைப் பிரேக்கை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினாலும் இந்தச் சமவெளி காட்டிக்கொடுக்காது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது அத்தனையிலும் பிரேக்கை மிதித்தாக வேண்டும்.

இன்னொரு டப்பா பிரேக் ஆயில் வாங்குவதற்கு முன்னால், பெடல் எப்படி இறங்குகிறது என்று பார். நோய் அதில்தான் தெரியும். என்ஜினை ஓடவிட்டு, மிதமான அழுத்தத்தில் ஒரு நிமிடம் காலை அப்படியே வைத்திரு. பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் அது காற்று இல்லை. வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால் பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கெட்டுவிட்டது என்று பொருள். எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அது சரியாகாது. அப்படி இல்லாமல், மிதித்ததும் ஸ்பாஞ்ச் போல அமுங்கி, நாலைந்து தடவை பம்ப் அடித்தால் மேலே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு, பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியிலேயே உயரத்தில் கல் மாதிரி நிற்கிறது என்றால் பின் சக்கர டிரம்மில் உரசி நிறுத்துகிற ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். டிரம்மைக் கழற்றி ஷூவைப் பார்த்து அட்ஜஸ்ட் செய்தாலே போதும். என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பெடல் கொஞ்சம் கீழே போவதைப் பார்த்துப் பயந்துவிடாதே. மிதிக்கிற பலத்தைக் கூட்டித்தருகிற பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சக்கரத்தில் காற்றை வெளியே விடுகிற திருகான நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாயே, பெடலை மிதித்தது யார்? திருத்துறைப்பூண்டியில் உன் மாமா ஒர்க்‌ஷாப்பில் நாம் இரண்டு பேரும் மாறி மாறி அம்பாசிடர் பெடலை மிதித்தது நினைவிருக்கிறதா? “அழுத்து, பிடி, விடாதே” என்று மாமா கீழிருந்து குரல் கொடுப்பார். நிப்பிளை முடுக்கிவிட்டு “ம், விடு” என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ஒரு நொடி முன்னால் எடுத்தால்கூட நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். வெளியேற்றிய காற்றை நாமே திரும்ப உள்ளே விடுவதுதான் அது. டியூபின் முனை பாட்டிலில் இருக்கிற ஆயிலுக்குள் எப்போதும் முங்கியிருக்கட்டும். உன் மகனுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு உட்காரவை. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரை வரை மிதித்தால், பல வருஷமாகப் பிஸ்டன் போகாத துருப்பிடித்த பகுதியில் ரப்பர் உரசிக் கிழிந்துவிடும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரை இழந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே ஆயில் தொட்டி ஒரு தடவையாவது காலியானதா? அதை நீ எழுதவில்லை. காலியாகியிருந்தால் காற்று மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே போயிருக்கும். முதலில் அங்கே எடுத்துவிட்டுத்தான் சக்கரத்துக்கு வர வேண்டும். சக்கர வரிசைக்கு வண்டியின் புத்தகத்தைப் பார். பொதுவாகத் தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில்தான் ஆரம்பிப்போம். ஆனால் சில வண்டிகளுக்கு வரிசை வேறு.

முன் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்துகிற காலிப்பரைக் கழற்றினாய் அல்லவா? போன வருஷம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உள்ளே ரப்பர் கிட் மாற்றிவிட்டு இரண்டு காலிப்பரையும் மாட்டினேன். இரண்டு நாள், ஒரு லிட்டர் ஆயில், பெடல் மட்டும் ஏறவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் படுத்துக்கொண்டு பார்த்தபோதுதான் நிப்பிள் இரண்டும் அடிப்பக்கம் இருந்தது கண்ணில் பட்டது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். காற்று மேலேதானே நிற்கும்? நிப்பிள் கீழே இருந்தால் ஆயில்தான் வெளியே வரும், காற்று அப்படியே இருக்கும். மாற்றி மாட்டியதும் பத்து நிமிடத்தில் பெடல் இறுகிவிட்டது. உன் வண்டியில் முதலில் இதைப் பார்.

பின் இடது நிப்பிள் இறுகிக் கிடக்கிறது என்றாய். உப்பளக் காற்றில் நிற்கிற வண்டிக்கு அது வராமல் இருக்குமா? ஓபன் ஸ்பேனரைப் போட்டுத் திருகாதே, முனை மழுங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை இரவே விட்டுவை. காலையில் ரிங் ஸ்பேனர் போட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி, முடுக்குகிற பக்கம் இம்மியளவு அசைத்துவிட்டு அப்புறம் தளர்த்து. நிப்பிளைத் திறந்தும் ஆயில் வரவில்லையென்றால் கழற்றி ஓட்டையைக் கம்பியால் குத்திப் பார். அதுவும் சுத்தமாக இருந்தால் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படு. வெளியே நன்றாகத் தெரிகிற பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

ஆயிலைப் பற்றி ஒன்று. போன தடவை திறந்த டப்பாவில் மிச்சம் இருந்ததை ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதை முழுக்க எடுத்துவிடு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதுவும் உன் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 3 என்கிற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. மலை இறக்கத்தில் டிஸ்க் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். அப்போது பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. வண்டியின் மூடியில் எந்த டாட் போட்டிருக்கிறதோ அதையே வாங்கு. என்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது, ரப்பர் எல்லாம் ஊதிவிடும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

மாப்பிள்ளையின் புது வண்டிக்கும் நீயே செய்வதாக எழுதியிருக்கிறாய். அது திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள வண்டி. அந்த யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் கம்ப்யூட்டர் வைத்துத்தான் எடுக்க முடியும். அதை ஒர்க்‌ஷாப்புக்கே விடு.

நான் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ரிங் ஸ்பேனரும் டியூபும் என்னிடம் இருக்கின்றன. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, பக்கத்து வீட்டில் இரண்டு ஸ்டாண்ட் கேட்டு வாங்கி வை. புது ஆயில் டப்பாவை நான் வந்த பிறகு திறக்கலாம்.

அன்புடன்,
பக்கிரிசாமி